எனிட்டின் படிக்கட்டு

ஷீப் தெரு ஒன்பதாம் எண் வீட்டின் படிக்கட்டை 1963இல் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனபோது எனிட் மாடியில் இருந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். வீடு அவளுடைய அப்பா வழியில் வந்தது. முன்கூடத்தில் பாதியை ஓக் மரப் படிக்கட்டே அடைத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாத அவள் கணவன் லயனல், அவளைக் கேட்காமலே கூடத்தைச் செருப்புக் கடைக்கு வாடகைக்கு விட்டான். அலமாரிக்கு இடம் போதவில்லை, படிக்கட்டை எடுக்க வேண்டும் என்றார்கள் கடைக்காரர்கள். அதற்கும் சரி என்றான்.

தச்சர்கள் ஏணியைச் சாய்த்து அவளைக் கூப்பிட்டார்கள்.

“ஏணியில இறங்க நான் என்ன கோழியா?” என்றாள் எனிட். “என் வீட்டுக் கூடத்துல கடை இருக்கிற வரைக்கும் கால் வைக்க மாட்டேன், லயனல். மூடினப்புறம் வந்து சொல்லு.”

“டீ ஆறிடும், எனிட்.” கீழே கோப்பையை ஏந்திக்கொண்டு நின்றான் லயனல்.

தச்சர்களுக்கு வேறு வேலை காத்திருந்தது. மேலே இருந்த திறப்பைப் பலகை அடித்துப் பூசிவிட்டுப் போனார்கள். கடையின் பெயர்ப்பலகை மாடி ஜன்னல்களை மறைத்தது. தெருவிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. ஆனால் தினமும் நான்கு மணிக்குப் புகைபோக்கியில் புகை வரும். டீ போடுகிறாள் என்று ஊர்க்காரர்கள் நாங்கள் எடுத்துக்கொண்டோம். செருப்புக் கடை போய்க் கம்பளி நூல் கடை வந்தது. பழைய மரச்சாமான் வியாபாரியிடமிருந்து லயனல் படிக்கட்டைத் திரும்ப வாங்குவதற்குள் அந்த வீட்டைப் புராதனக் கட்டடமாக அறிவித்துவிட்டார்கள். இருக்கிறபடியே காக்க வேண்டும், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. படிக்கட்டு இல்லாததும் அந்தப் பாதுகாப்பில் சேர்த்தி.

ஊருக்கு வெளியே ஒரு வைக்கோல் கொட்டகையில், மேலே எதிலும் சேராமல், லயனல் அந்தப் படிக்கட்டை நிறுத்தினான். அடுத்த ஞாயிறு எனிட் அதன் வழியாக இறங்கி வந்தாள். படிக்கட்டு அவளுடையது, யாரும் ஆச்சரியப்படவில்லை. கடைசிப் படியில் நின்றாள்.

“கடையை மூடிட்டாங்களா?”

“இன்னும் இல்ல, எனிட்.”

“அப்ப டீயை நீயே குடி.”

திரும்பி ஏறி, உச்சிப்படியில் மறைந்தாள். ஒருமுறை பின்னாலேயே ஏறிப்போன லயனல் அந்தப் பக்கம் வைக்கோலில் விழுந்தான். அதன்பிறகு ஞாயிறுதோறும் டீக்கோப்பையோடு கீழேயே நின்றான். பொய் சொல்லி இறக்கியிருக்கலாம். ஒருமுறை கேட்காமல் செய்தது போதும் என்று நினைத்தானோ என்னவோ. கொட்டகை வாசலில் நின்று நாங்களும் பார்ப்போம்.

போன வசந்தத்தில் லயனல் செத்துப்போனான். குளிர்காலத்தில், நூல் கடைக்குப் பிறகு வந்திருந்த செல்போன் கடையும் மூடப்பட்டது. தெருவில் பாதி அப்படித்தான் கிடக்கிறது, வாடகைக்கு ஆளில்லை. ஞாயிறன்று எனிட் இறங்கி வருகிறாள், கேட்கிறாள், கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். “மூடியாச்சு, இறங்கி வாங்க” என்று எங்களில் யாராவது சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் நாங்கள் எவரும் அவளுக்கு முறைப்படி அறிமுகமானவர்கள் இல்லை, நாங்களாகப் பேசுவது மரியாதையில்லை. அறிமுகம் செய்துவைக்க இருந்த ஒரே ஆள் லயனல். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறோம். அவள் ஏறிப் போகிறாள்.