கறுப்புக் கரை

நாற்காலி மேல் ஏறி நின்று, அப்பாவின் அலமாரி மேல்தட்டைக் கையால் துழாவிக்கொண்டிருந்தான் வக்தி. தேடும் பொருள் அங்கே இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் துழாவினான். பழைய கம்பளித் தொப்பி வந்தது, ஊன்றுகோலின் தேய்ந்த ரப்பர் வந்தது, அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"மேல்தட்டுதான். நீலப் பை," என்றாள் கீழே நின்றிருந்த அக்கா இன்ஷிரா. "ஹஜ்ஜுக்குப் போனப்ப மக்காவுல வாங்கின கபன் துணி. ஜம்ஜம் தண்ணியில முக்கி, தங்கின ஓட்டல் மாடியில காயவெச்சு, அவரே மடிச்சுக் கொண்டுவந்தது. அம்மாவுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு."

"நீலப் பை இருக்கு அக்கா. உள்ள ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாரு."

ஓரடி தள்ளிக் கட்டிலில் அப்பா கிடந்தார். ஹாஜி பஸ்யூனி, எண்பத்தொரு வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். விடிந்ததும் தேநீர் கொண்டுபோன வக்தியின் மனைவி சமாஹ்தான் முதலில் பார்த்தாள். டமன்ஹூரிலிருந்து வேன் பிடித்து அக்கா வந்து சேர ஒன்பது மணியாகிவிட்டது. நண்பகல் தொழுகைக்கு அப்பாவின் உடலை ஜனாஸாவாகப் பள்ளிவாசலில் சேர்த்துவிடவேண்டும். மய்யித்தைக் குளிப்பாட்டுகிற ஷேக் தொல்பா, சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் வெந்நீருக்குக் காத்திருந்தார்.

நாற்காலி மேலிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவர் தெரியும். அந்தச் சுவரில் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய துணி தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. மேல் ஓரம் நெடுகப் பித்தளை வளையங்கள். வலது மூலையில் ஒரு தேநீர்க் கறை.

உடலைச் சுற்றுகிற கபன் எங்கே என்று அக்கா வந்ததும் முதலில் கேட்ட நொடியிலேயே வக்திக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அவன் செய்த முதல் காரியம், நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறியதுதான். நாற்பத்துநாலு வயது ஆண்பிள்ளை, பெற்ற தகப்பன் மய்யித்தாகக் கிடக்க, பக்கத்தில் நின்று தேடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் ஒரு புரொஜெக்டரால் வந்த வினை. போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அப்பாவால் நாலாம் மாடியை விட்டு இறங்க முடியவில்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்து கால்பந்து பார்ப்பது நின்றுபோயிற்று. "அப்பாவுக்காக வாங்கறேன்," என்று வக்தி வீட்டிலும் ஆபீசிலும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதில் பாதிதான் உண்மை. கூட வேலை பார்க்கிற ஒருத்தன் சுவர் அகலத்துக்கு டிவி வாங்கி, எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பீற்றிக்கொண்டிருந்தான். அந்த வயிற்றெரிச்சல் மறுபாதி.

ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் ஒரு காசு கிடையாது என்று சமாஹ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூன்று சனிக்கிழமை கடைத்தெருவில் அலைந்தான். அட்டைப்பெட்டியில் ஒன்பதாயிரம் லூமென் வெளிச்சம் என்று அச்சடித்திருப்பதை நம்பாதே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போட்டுக் காட்டச் சொல் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஏறின கடையிலெல்லாம் ஷட்டரை இறக்கச் சொன்னான். "பொண்ணு பாக்க வந்தியா, படம் பாக்க வந்தியா?" என்று கேட்டார் ஒரு கடைக்காரர். கடைசியில் அவரிடம்தான் வாங்கினான். "இதுல ஒரு சௌகரியம் இருக்கு தம்பி. ரிமோட்டைத் தேட வேண்டாம். கரண்ட் வந்தாப் போதும், தானா எரியும்," என்றார் அவர்.

கூடத்தில் இருந்தது ஒரே பிளக். மின்விசிறியையும் புரொஜெக்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினான். இஸ்திரிப் பலகைமேல் வைத்து, அடியில் இரண்டு தரை ஓடுகளைக் கொடுத்து உயர்த்தினான். சாய்த்து வைத்தால் படம் கோணும், கோணலை மெஷினால் நேராக்கினால் மூலைகள் மங்கும், அதனால் நேராகவே நிறுத்தவேண்டும் என்பதுவரை கற்றுக்கொண்டுவிட்டான். மூன்று மீட்டர் தூரம் கச்சிதமாக வந்தது. சுவர்தான் காலை வாரிவிட்டது. அலெக்சாந்திரியாவில் கடல் உப்பு அரிக்காத சுவர் எந்த வீட்டில் இருக்கிறது? படத்தில் வந்தவர்களுக்கெல்லாம் அம்மை போட்டிருந்தது.

திரை வாங்கக் காசில்லை. கரைபோடாத, தையல் விழாத, அகலமான வெள்ளைத் துணி ஒன்று கிடைத்தால் போதும் என்று வீட்டையே புரட்டினான். அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது அலமாரியைத் திறந்ததில் நீலப் பை கிடைத்தது. அப்போது அவனுக்குச் சத்தியமாகத் தெரியாது. அம்மா இறந்த சமயம் அவன் குவைத்தில் வேலையில் இருந்தான். அவளை எதில் சுற்றிக் கொண்டுபோனார்கள் என்று பார்த்ததில்லை. அப்பா எத்தனையோ தடவை, "வக்தி, இங்க வா, நான் போனா வேணுங்கறது ஒண்ணு இருக்கு, காட்டிடறேன்," என்று அலமாரிப் பக்கம் கூப்பிட்டிருக்கிறார். "சாவுப் பேச்சை எடுக்காதீங்கப்பா," என்று ஒவ்வொரு தடவையும் நழுவிவிட்டான். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கீழ்வீட்டுத் தையற்காரரிடம் கொடுத்து, வெளிச்சம் ஊடுருவாமலிருக்க இரண்டாக மடித்து, சுற்றிலும் கறுப்புப் பட்டை வைத்துத் தைத்து, வளையம் அடித்து வாங்கிவந்தான். மங்கலான புரொஜெக்டருக்குக் கறுப்புக் கரை கட்டினால் படம் பளிச்சென்று தெரியும், செலவில்லாத வித்தை. நாலு ஆணி அடித்து மாட்டினான்.

அன்று மாலை அப்பா ஊன்றுகோலோடு வந்து துணிக்கு முன்னால் நின்றார். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, அரிசியின் தரம் பார்ப்பதுபோலத் தேய்த்துப் பார்த்தார்.

"இதை எங்கேருந்துப்பா எடுத்தே?"

"உங்க அலமாரியிலதான். சும்மா கிடந்துது."

"சும்மா கிடந்துது," என்றார் அப்பா. "ஆமா, சும்மாதான் கிடந்துது. ஓரத்துல கறுப்பு எதுக்கு?"

"படம் எடுப்பாத் தெரியும்பா."

"ஓகோ. தெரியட்டும், தெரியட்டும். வெளக்கை அணை."

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல், பழைய கை நாற்காலியில் சாய்ந்து, அதில் ஓடியதையெல்லாம் பார்த்தார். ஆட்டம் பார்த்தார், மீன்களைப் பற்றிய படம் பார்த்தார், புரியாத மொழியில் சமையல்கூடப் பார்த்தார். ஒருநாள் சமாஹ் கைதவறித் தேநீரைத் துணியில் சிந்திவிட்டாள். கழற்றித் துவைக்கிறேன் என்று கிளம்பினாள். "விடும்மா. கழுவறதுக்குன்னு ஒரு ஆள் வருவான், அவசரப்படாதே," என்றார் அப்பா. சலவைக்காரனைச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். வக்தியும் சேர்ந்து சிரித்தான்.

நேற்று மாலை கோப்பை அரையிறுதி. ஆபீசிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தான். அப்பாவின் கை நாற்காலியில் தலைமை எழுத்தர் உட்கார்ந்துகொண்டார். "அப்பா, நீங்க உள்ள போய்ப் படுங்களேன், இங்க ஒரே சத்தமா இருக்கும்," என்றான் வக்தி. "நான் ஒரு ஓரமா..." என்று அப்பா என்னவோ சொல்லத் தொடங்கினார். மிச்சத்தை வக்தி கேட்கவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது. கூச்சலும் கைதட்டலுமாக வீடு அதிர்ந்தது. எல்லோரும் கிளம்பிப்போன பிறகும் அப்பாவின் கதவைத் திறந்து பார்க்கவில்லை. அவருடைய துணியில் ஆட்டம் காட்டிவிட்டு, அவரையே அறைக்குள் அனுப்பியிருந்தான்.

"இருக்கா இல்லியாடா?" என்றாள் அக்கா மறுபடியும்.

வாசலில் நின்ற சமாஹின் பார்வை கூடத்துச் சுவருக்குப் போய், வக்தியிடம் வந்தது. அவளுக்கும் இப்போதுதான் விளங்கியிருந்தது. நீயே சொல் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல அக்கா. பள்ளிவாசல்கிட்ட கடை இருக்கு. ஓடிப்போய்ப் புதுசா வாங்கிட்டு வந்துடறேன். பத்து நிமிஷம்."

"அவர் துணி எங்கேன்னு கேக்கறேன்."

"எனக்கென்ன தெரியும்? யாராவது ஏழைபாழைக்குக் குடுத்திருப்பாரு. அவர் சுபாவம் உனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்ததும்தான், பழியைச் செத்துக் கிடக்கிறவர்மேல் போட்டுவிட்டது அவனுக்கே உறைத்தது. வெந்நீர் கொதிக்கும் சத்தம் மட்டும் சமையலறையிலிருந்து வந்தது.

"இறங்குடா," என்றாள் இன்ஷிரா.

இறங்கினான்.

"மூணு தடவை கேட்டுட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." அவள் குரல் உயரவில்லை. "நீ அதை மாட்டின அன்னிக்கே அப்பா எனக்கு போன் பண்ணினாரு. 'உன் தம்பி என் சட்டையை எடுத்துச் சுவருக்குப் போட்டுவிட்டான்'னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. இப்பவே அவனைக் கேக்கறேன்னேன். 'வேண்டாம்மா, கேட்டா அவன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுப்பான்? எனக்கு வேணுங்கறப்ப அவனே இறக்கிக் குடுப்பான்'னாரு."

வக்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது மடல்கள் சுட்டன. திட்டியிருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் தேவலை. அவனே இறக்கிக் கொடுப்பான் என்று நம்பிப் போய்விட்டவரை என்ன செய்வது?

அதே நாற்காலியைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். துக்கத்துக்கு வந்த ஆண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஏறி நின்று வளையங்களை ஆணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். துணி மொத்தமாக அவன் தோளில் விழுந்தது. செய்தி கேட்டு அப்போதுதான் வந்திருந்த தலைமை எழுத்தர், "இது நேத்து பாத்த திரையில்ல?" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். அந்தக் கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

கபனில் தையல் ஆகாது. வக்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சவர பிளேடால் கறுப்புக் கரையைப் பிரிக்க ஆரம்பித்தான். தையற்காரர் உறுதிக்காக இரட்டைத் தையல் போட்டிருந்தார். "தையல் பிரியாம நல்லா அழுத்திப் போடுங்க உஸ்தா," என்று இவன்தான் சொல்லியிருந்தான். விரல் நுனி இரண்டு இடத்தில் வெட்டியது. ரத்தம் துணியில் படக்கூடாதே என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு பிரித்தான். யாரும் உதவிக்கு வரவில்லை. சமாஹ் மட்டும் பிரிந்த நூல்களைப் பொறுக்கிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வளையம் எடுத்த இடத்துல ஓட்டை இருக்கு, ஷேக்," என்றான் துணியை நீட்டும்போது.

தொல்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதனால என்ன. கட்டறதுக்கு வார் வேணும். அந்த ஓரத்தைக் கிழிச்சுக்கலாம். வா, தண்ணி ஊத்து."

ஊற்றினான். அப்பாவின் தோளில், மார்பில், முறிந்து சேர்ந்த இடுப்பில், தொல்பா சொன்ன இடத்திலெல்லாம் ஊற்றினான். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. சுற்றும்போது தொல்பா தேநீர்க் கறை இருந்த மூலையை உள்பக்கம் வருமாறு மடித்தார். வெளியே பார்க்கிறவர்களுக்குத் துணி சுத்தமாகத் தெரிந்தது. கறை அப்பாவின் பக்கம் போயிற்று.

அப்பாவின் வெள்ளை அங்கி ஒன்றைத்தான் சமாஹ் அவனுக்கு மாற்றிக்கொள்ளக் கொடுத்தாள். அதோடுதான் ஜனாஸாவைத் தூக்கினான், மண் தள்ளினான், திரும்பி வந்தான்.

மாலையில் ஆண்கள் தெருவில் போட்ட நாற்காலிகளிலும் பெண்கள் கூடத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை போடாத காப்பி சுற்றி வந்தது. குரான் வாசிப்புச் சத்தம் கீழேயிருந்து கேட்டது. சன்னல் திறந்திருந்தும் புழுக்கம் தாங்கவில்லை. காலிக் கோப்பைகளை எடுக்க வக்தி உள்ளே வந்தான்.

"ஃபேனைப் போடு," என்றாள் இன்ஷிரா.

காலைக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவள் பேசிவிட்டாள் என்ற ஒன்றே அவனுக்குப் போதுமாயிருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, சுவரோரம் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சைக் காலால் அமுக்கினான்.

விசிறி சுழன்றது. இஸ்திரிப் பலகைமேல் புரொஜெக்டருக்குள்ளிருந்த சின்ன விசிறியும் இரைய ஆரம்பித்தது. அந்தப் பக்கம் திரும்புவதற்குள் நீல வெளிச்சம் வந்துவிட்டது. உப்பரித்த சுவரில், நாலு ஆணிகளுக்குக் கீழே நீள்சதுரமாக விழுந்தது. அதற்குக் குறுக்கே வக்தி நின்றான். அப்பாவின் அங்கி முழுக்க நீலமாயிற்று. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்துகள் அவன் மார்பில் தெளிவாக விழுந்திருந்தன.

பெண்கள் காப்பி குடிப்பதை நிறுத்தினார்கள். ஓரடி தள்ளி நின்றால் போதும், வெளிச்சம் சுவருக்குப் போய்விடும். வக்தி தட்டோடு அங்கேயே நின்றான். இன்ஷிரா அந்த அங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.