நடத்தைக்கு முழு மதிப்பெண்

மருத்துவ மாணவர்களின் நடத்தைத் தேர்வில் நோயாளியாக நடித்து, மதிப்பெண்ணும் போட வந்திருந்தாள் அந்த நாடக நடிகை. இதில் தோற்றால் பட்டம் கிடையாது. கடைசியாக வந்த மாணவன் அவள் மனதைக் கொள்ளை கொண்டுவிட்டான். கையைக் கழுவினான், தொடுவதற்கு அனுமதி கேட்டான், போர்வையைச் சரிசெய்தான். கண்ணைப் பார்த்து, "அழணும்போல இருந்தா அழுங்கம்மா. நான் எங்கயும் போகமாட்டேன்" என்றான். இல்லாத வயிற்றுவலிக்கு இத்தனை கருணையா என்று உருகி, முழு மதிப்பெண் போட்டாள்.

நோயாளி அங்கியைக் கழற்றிவிட்டு, மார்க் தாளோடு அலுவலகத்தைத் தேடி நடந்தபோது எதிரே அவனே வந்தான்.

"தம்பி, ஆபீஸ் ரூம் எந்தப் பக்கம்?"

"நான் என்ன வாட்ச்மேனா? போர்டு இருக்குல்ல, படிக்கத் தெரியாதா? வழிய விடும்மா."

"சரிங்க டாக்டர். அழணும்போல இருக்கு, அழட்டுமா?"

அவன் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, நீங்களாம்மா! அடையாளமே தெரியல. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். அந்த மார்க்... குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லப்பா." கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "படிக்கத்தான் தெரியாது. அடிச்சுத் திருத்தத் தெரியும்."