கையெழுத்து வைக்காத உம்மா

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஐந்தாம் ஆண்டில் படிக்கும் சிபானா பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். உம்மா கையெழுத்து வைத்துத் தர வேண்டுமாம். கல்முனைக்குடியில் வீட்டோடு தையல் வேலை செய்யும் நஸ்லியா, தைத்துக்கொண்டே அதை வாசிக்கச் சொன்னாள்.

சிபானா "எ" என்றாள். பிறகு "ன" என்றாள். அதற்கு மேல் போகவில்லை. நஸ்லியா எழுந்து வந்து அடுத்த சொல்லைத் தொட்டுக் காட்டினாள். 'மகள்' என்றிருந்தது. உம்மா தன்னைத் தினமும் கூப்பிடும் அந்தச் சொல்லை வாசிக்கத் தெரியாமல் பத்து வயதுப் பிள்ளை அழத் தொடங்கினாள்.

ஒவ்வொரு வருட அறிக்கையிலும் தமிழுக்கு 'திருப்தி' என்றுதான் போட்டிருந்தார்கள். வீட்டில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்து அவள் மடமடவென்று சொன்னதெல்லாம் வகுப்பில் கேட்டுப் பாடமாக்கியது என்று நஸ்லியாவுக்கு இப்போதுதான் விளங்கியது. மகளுக்குச் சுகமில்லாததால் பரீட்சைக்கு அனுப்பவில்லை என்று உம்மாவே சொல்வதுபோலக் கடிதத்தில் அச்சடித்திருந்தது.

மறுநாள் காலை அதிபர் றிபாத்திடம் போனாள். அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். பரீட்சையில் சித்தியடைகிறவர்களின் வீதம் குறைந்தால் பாடசாலையின் பெயர் கெடும் என்றார். ஆறு வீடுகளுக்குக் கடிதம் போனதாகவும், மற்ற ஐந்து பேரும் கையெழுத்து வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"என்ட மகளுக்கு வாசிக்க ஏலாதெண்டு எப்ப தெரியும் சேர்?"

வரவு இடாப்போடு வந்து நின்ற நதீரா டீச்சர் சொன்னாள்: "ரெண்டாம் ஆண்டிலயே தெரியும். நான்தான் அப்ப வகுப்பு டீச்சர்."

அந்த வருடம் பிந்தி நின்ற பிள்ளைகளைக் காலை மணிக்கு முன் அரைமணி நேரம் இருத்தி, எழுத்தையும் ஓசையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆறு கிழமையில் சிபானா சின்னச் சொற்களைக் கூட்டி வாசித்தாளாம். அதற்குள் புலமைப்பரிசில் வகுப்புக்கென்று அறையை எடுத்துக்கொண்டார்கள். வளர வளரத் தானாக வரும் என்றார்கள். தானும் வாயை மூடிக்கொண்டதாக டீச்சர் ஒத்துக்கொண்டாள்.

நஸ்லியா கடிதத்தை மேசையில் வைத்தாள். "என்ட புள்ளைக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல சேர். மூணு வருசம் அவளச் சும்மா இருத்தி வெச்சிட்டு, இப்ப வீட்டுல ஒளிச்சு வெக்கச் சொல்றீங்க. நான் கையெழுத்து வெக்க மாட்டன்."

அன்று பின்நேரம் மற்ற ஐந்து வீடுகளுக்கும் நடந்து போனாள். இரண்டு உம்மாமாருக்குத் தாங்கள் எதில் கையெழுத்து வைத்தோம் என்றே தெரியவில்லை. திங்கட்கிழமை ஆறு பேரும் அதிபரின் அறை வாசலில் போய் இருந்தார்கள். பகல் இடைவேளைக்குள் கடிதங்கள் திரும்பி வந்தன. காலை வாசிப்பு வகுப்பும் மறுபடி தொடங்கும் என்று அதிபர் எழுதிக் கொடுத்தார்.

ஆறு பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள். ஒருவரும் சித்தியடையவில்லை. பிறகு காலை வாசிப்பு வகுப்பில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு, அவர்களின் சின்னக் கதிரைகளில் கால் மடக்கி இருந்து படித்தார்கள்.

மூன்றாம் மாதம் டீச்சர் நஸ்லியாவை வந்து பார்க்கச் சொன்னாள். தொடக்கத்தில் 'அ'வைக்கூட அறியாத ஒரு ஏழு வயதுப் பிள்ளை முழுப் பக்கத்தையும் வாசித்துவிட்டு எழும்பி ஓடியது. சிபானா விரலை வைத்து வைத்து ஐந்து வரி வாசித்தாள். நெற்றி வியர்த்திருந்தது. உம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நஸ்லியா அவளை அணைத்து முத்தமிட்டாள்.

வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டாள்: "இவ்வளவு லேசா இது?"

"ஏழு வயசில லேசு," என்றாள் நதீரா.

நன்றி சொல்வதற்கென்றுதான் நஸ்லியா வந்திருந்தாள். ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.