அழுதாலும் கலையாத மை

ஒன்பதாவது தடவையும் டைரக்டர் "கட்" சொன்னபோது, கொக்கின் மோதிர விரல் இன்னும் கண்ணுக்குக் கீழேதான் இருந்தது.

கொக்கு என்பது அக்கா வைத்த பெயர். பத்து வயதிலேயே அக்காவின் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டவள் அவள். அந்த உயரத்தை வைத்துப் பதினான்கு வருஷம் மாடலாக மேடை மேடையாக நடந்தாள். முப்பத்து மூன்று முடிந்ததும் மேடைக்காரர்கள், "புதுப் பொண்ணுங்களுக்கு நடக்கச் சொல்லிக் குடுக்க வர்றீங்களா மேடம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மரியாதை கூடினால் வேலை குறைந்துவிட்டது என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாதா? அக்காவுடன் சேர்ந்து வீட்டுப் பின்னறையில் கண்மையும் உதட்டுப் பூச்சும் செய்ய இறங்கினாள். கூடவே, நடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"கொக்கு வேற எப்படி நிக்கும்?" என்றாள் அக்கா.

நின்றதற்குப் பலனாகக் கிடைத்தது இந்தப் படம். தங்கை வேடம், நாலே காட்சி. முதல் நாளே அழுகை. வீட்டை விட்டுப் போன அண்ணன் இனி வரவே மாட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்வார். சமையலறை வாசலில் நிற்கும் தங்கை அழ வேண்டும்.

அழுகை வந்தது. அதில் குறையில்லை. ஆனால் முதல் துளி இறங்கியதுமே மோவாய் தானாக மேலே போனது. மோதிர விரல் வந்து இமைக்கடியில் பூவைத் தொடுகிற மாதிரி ஒற்றி எடுத்தது. மேக்கப் கலையாமல் கண்ணைத் துடைக்கப் பதினான்கு வருஷம் பழகிய விரல். அவள் சொல்லியும் கேட்கவில்லை.

"யம்மா," என்றார் டைரக்டர். குட்டையான மனிதர். அவளிடம் அண்ணாந்து பேச வேண்டியிருப்பதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல். "அண்ணன் போயிட்டான்மா. கண்ணுல தூசி விழல."

"புரியுது சார்."

"காலைலருந்து புரிஞ்சுகிட்டேதான் இருக்க. மொத டேக்ல ஃபேஷன் மேடை மாதிரி வாசல்ல வந்து நின்னு, மூணு எண்ணி, இடுப்புல கை வெச்சுத் திரும்பின. அது போச்சு, சந்தோஷம். இது எப்பப் போகும்?" கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்டுட்டு ஒரே ஒரு டேக். வரலன்னா நாளைக்கு வேற பொண்ணு. கோச்சுக்காத."

மேக்கப் அறைக்குப் போனாள். அங்கே அக்கா இருந்தாள். இருபது வருஷம் மருந்து கம்பெனியில் மருந்து கலந்த கை அவளுடையது. சாயங்காலம் ஒரு கடைக்குக் கொடுக்க வேண்டிய உதட்டுப் பூச்சு முடியாததால், சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு இங்கேயே வந்து, மின் அடுப்பில் மெழுகும் எண்ணெயும் உருக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கண்மைப் பெட்டிகள். 'அழுதாலும் கலையாது' என்று அச்சடித்து நேற்றுத்தான் வந்திருந்தன. கொக்கின் கண்ணில் இருந்ததும் அதே மைதான். மேக்கப்காரர் தன் மேஜையைப் பறிகொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடி ஆச்சு?"

"விரல் கேக்க மாட்டேங்குதுக்கா."

"வெட்டிடலாமா?"

"அக்கா!"

"சரி, சும்மா நிக்காம ஊத்து. ஆறினா கட்டியாயிடும்."

கொக்கு மூக்கு வைத்த குவளையை எடுத்து, சின்ன டப்பாக்களில் ஒவ்வொன்றாக ஊற்றினாள். விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்தாள். இந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். இங்கே அவளை யாரும் பார்ப்பதில்லை, டப்பா நிறைகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

"வரலன்னா வந்துடு," என்றாள் அக்கா, தலை நிமிராமல். "என் பக்கத்துல ஒரு ஸ்டூல் எப்பவும் கெடக்கும். அதுல வேற யாரையும் ஒக்கார விட மாட்டேன்."

முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. கொக்குக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஒரு கையில் குவளை, மறு கையெல்லாம் மெழுகு. என்ன செய்வாள்? தோளை உயர்த்தி, முகத்தைச் சட்டைக் கையிலேயே தேய்த்து, மூக்கை உறிஞ்சினாள்.

எதிரே கண்ணாடி. மூக்கு சிவந்து, வாய் கோணி, முடி கன்னத்தில் ஒட்டி, பார்க்கச் சகிக்கவில்லை. கொக்கு சிரித்துவிட்டாள்.

"என்னடி, பைத்தியமா?"

"கைக்கு வேலை இருந்தா விரல் வராதுக்கா!"

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த டைரக்டரிடம் ஓடினாள். "சார், நான் சும்மா நிக்கல. பாத்திரம் தேச்சுகிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும்."

"நின்னு அழவே வரல, இதுல பாத்திரம் வேறயா?"

"ஒரே டேக்தானே சார். போனா போகட்டும்."

அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, "எண்ணெய்ச் சட்டி இருந்தா கொண்டு வாங்கப்பா!" என்று கத்தினார். சாப்பாடு போட்ட இடத்திலிருந்து நிஜமாகவே பிசுக்கு ஏறிய சட்டி வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், சொன்னார். கொக்கின் கை நிற்கவில்லை. சட்டியில் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கண் நிறைந்து வழிந்தது. பிசுக்கு ஏறிய முழங்கையைத் தூக்கி, முகத்தை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தாள். மறுபடி அதே இடத்தைத் தேய்த்தாள்.

விளக்குப் பிடித்தவர் மூக்கைச் சிந்திய பிறகுதான் டைரக்டர் "ஓகே" என்றார், அதுவும் மெதுவாக. "அடுத்த காட்சி வியாழக்கிழமை. நேரத்துக்கு வந்துடும்மா."

மேக்கப் அறைக்குத் திரும்பினால், அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"மை! காது வரைக்கும் ஈஷியிருக்கு பாரு! ஐந்நூறு பெட்டியில அழுதாலும் கலையாதுன்னு போட்டு வெச்சிருக்கேன்டி!"

"அழுததுல கலையலக்கா. எண்ணெய்க் கையால தேச்சதுல கலைஞ்சுது."

"அதை யாரு ஒவ்வொரு பெட்டி மேலயும் ஏறி நின்னு சொல்றது?"

மேக்கப்காரர் எழுந்து வந்து கொக்கின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். "தண்ணிக்கு நிக்குது, எண்ணெய்க்கு வருது. வேணும்னா நிக்கணும், வேணாம்னா போகணும். எங்களுக்கு இதான்மா வேணும். எனக்கு ஒரு அம்பது எடுத்து வைங்க. அப்படியே என் மேஜையையும் காலி பண்ணுங்க."

அக்கா வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். "போய் மூஞ்சியைக் கழுவு. கண்றாவியா இருக்கு."

கொக்கு கழுவப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குவளையைத் தூக்கினாள். சாயங்காலத்துக்குள் இன்னும் நாற்பது டப்பா ஊற்றியாக வேண்டும்.