ஆறு மணிக்கு மேல் மெஷின் ஓடாது

கீதாஞ்சலியின் ஆராய்ச்சி என்னவென்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவளுடைய மாமியார். "கம்பெனி கம்பெனியாப் போயி, உங்களுக்கு என்னென்ன வேணும்னு கேட்டு எழுதிட்டு வர்றா. ஆனா எதையும் வாங்கிக் குடுக்க மாட்டா."

பல்கலைக்கழகம் இதைத் தேவைப் பொறியியல் என்றது. ஒரு சாஃப்ட்வேர் செய்வதற்கு முன், அதை வைத்துக்கொண்டு அல்லல்படப்போகிறவர்களிடம் போய், உங்கள் வேலை எப்படி நடக்கிறது, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும். கேட்டதைக் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரைய வேண்டும். பிறகுதான் சாஃப்ட்வேர். மாப்பிள்ளை வீட்டில் போய் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்பது மாதிரிதான். "ஒண்ணும் வேண்டாமுங்க" என்பார்கள். அதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டு வருகிற, பெண்ணைப் பெற்றவருக்கு என்ன ஆகுமோ அதுதான் கீதாஞ்சலிக்கும் ஆனது. ஆனால் அது அவளுக்கு உறைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டர் பட்டம் வாங்கப்போகிறவள் அல்லவா, சீக்கிரம் புரிந்துவிட்டால் எப்படி?

பதிவுக் காலம் முடிந்து, நீட்டிப்பு முடிந்து, நீட்டிப்புக்கு நீட்டிப்பும் முடியப்போகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவே ரத்து. அவள் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியின் பிரின்சிபால் ரொம்பப் பக்குவமாகச் சொல்லியிருந்தார்: "டாக்டரேட் இல்லாம வர்ற ஜூன்ல உங்கள வெச்சுக்க எங்களுக்கு வழியில்லீங்க மேடம்." கணவன் குமரனின் தறிகள் சோமனூரில் வாரத்தில் பாதி நாள் நின்றே கிடந்தன. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. போதாக்குறைக்கு மாமியார் இப்போதே சொந்தபந்தத்திடம் "எங்க டாக்டரு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு பெரியவர் போன வாரம் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டுவிட்டார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அனுப்பர்பாளையம் பக்கம் இருந்த பனியன் கம்பெனி. அவளுடைய அத்தை மகன் மோகன்ராஜ் நடத்துவது. கழுத்தில் பல்கலைக்கழக டேக், கையில் டேப்லெட், முகத்தில் சிரிப்பு என்று ஒரு வருஷம் அங்கே போனாள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவரிடமும் முதலில் அந்த வாக்கியத்தைச் சொல்வாள்: "பயப்படாம சொல்லுங்க, உங்க பேரை எங்கேயும் போட மாட்டோம்."

பதில்கள் முத்துமுத்தாக வந்தன. "ஆறு மணிக்கு மேல மெஷின் ஓடாதுங்க." "எல்லாத் தையலும் இந்தக் கூரைக்குள்ளதானுங்க, வெளிய குடுக்கறதில்லீங்க." "ஏதாச்சும் குறைன்னா பெட்டியில எழுதிப் போட்டுருவமுங்க." கைடு அசந்துபோனார். "இவ்வளவு ஒத்துப்போற டேட்டாவ என் சர்வீஸ்ல பார்த்ததில்லம்மா" என்றார். கீதாஞ்சலி அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனாள்.

அதன்பிறகு அந்தப் பதில்களை வைத்துச் செய்த சாஃப்ட்வேரைக் கம்பெனியில் ஓட்டிப் பார்த்தார்கள். அது சரியாக ஓடினால் கடைசி அத்தியாயம் முடிந்தது. ஓடவில்லை. மாலையில் பாதி டி-ஷர்ட் தைக்காமல் கிடக்கும். காலையில் பார்த்தால் அத்தனையும் தைத்து மடித்து இருக்கும். கூரைக்குள் வெட்டின துணி கூரைக்குள் காணாமல் போகும். இரண்டு நாள் கழித்துப் பிசிறு வெட்டிச் சுத்தமாகத் திரும்பி வரும். சாஃப்ட்வேர் இது நடக்காத காரியம் என்று முடிவுகட்டி, திரை முழுக்கச் சிவப்பாக எரிந்தது. குட்டிச்சாத்தான் ராத்திரியில் வந்து ஓவர்லாக் தையல் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு நேரானது. ஆனால் அதற்குக் கைடு மேற்கோள் கேட்பார்.

வாரக்கணக்கில் தன் புரோகிராமில் பிழை தேடினாள். பிழை கிடைக்கவில்லை, சீப்பில் முடிதான் கொத்துக்கொத்தாகக் கிடைத்தது. மோகன்ராஜிடம் கேட்டால், "சிஸ்டம்னா அப்படித்தான் கீதா, மக்கர் பண்ணும். டீ சாப்பிடு" என்பான்.

கடைசி வாரம் திங்கட்கிழமை. திருமுருகன்பூண்டி பஸ் ஸ்டாப்பில் கூட்டத்தில் டேக்கின் கயிறு அறுந்துவிட்டது. வெறுங்கழுத்தோடு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியின் பின்வாசல் வழியாகப் போனாள். சாப்பாட்டு ஷெட்டில் எல்லோரும் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஸ்டூல் மேல் மோகன்ராஜ், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.

"வியாழக்கெழமை பையரோட ஆடிட்டு. சட்டப்படி வேலை நடக்குதான்னு ஆடிட்டரம்மா தனித்தனியாக் கூப்புட்டுக் கேக்கும். ஆறு மணிக்கு மேல?"

"மெஷின் ஓடாதுங்க!" ஷெட் முழுக்க ஒரே குரல்.

"தையலு?"

"எல்லாத் தையலும் இந்தக் கூரைக்குள்ளதானுங்க!"

"குறை இருந்தா? வேலாத்தாக்கா, நீங்க சொல்லுங்க."

செக்கிங் செக்ஷன் வேலாத்தாள் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள்: "பெட்டியில எழுதிப் போட்டுருவமுங்க."

"அந்தப் பெட்டிக்குச் சாவி எங்கீங்க?" என்று பின்வரிசையில் எவனோ கேட்க, ஷெட்டே சிரித்தது.

கீதாஞ்சலி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நான்காம் அத்தியாயத்தை அந்த ஷெட் ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தது. மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தாளே, அந்த வாக்கியங்கள், கமா மாறாமல்.

கூட்டம் கலைந்ததும் மோகன்ராஜைப் பிடித்தாள். "என்னுங்க மாமா இது? எனக்குச் சொன்னதெல்லாம் ஆடிட்டுக்குச் சொல்றதா?"

"பின்னே? கழுத்துல டேக்கு, கையில டேப்லெட்டு, வேலை நேரம் என்னன்னு கேள்வி. இந்த ஊர்ல அப்படி வந்து கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாங்க?"

"நான் உங்க சொந்தக்காரிங்க மாமா!"

"அதுக்குத்தான் நீ வர்றதுக்கு முந்தின நாளெல்லாம் நானே உக்காந்து சொல்லிக் குடுத்தேன்." அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "நம்ம புள்ள படிக்குது, ஒருத்தரும் தப்பாச் சொல்லிடக்கூடாதுன்னு. ஆடிட்டுக்குக்கூட நான் அத்தன மெனக்கெட்டதில்ல, தெரியுமா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாதபோது கீதாஞ்சலிக்கு விக்கல் வரும். வந்தது. அவள் எழுதிவைத்த மாதிரி ஒரு கம்பெனி பூமியில் கிடையாது. இல்லாத கம்பெனிக்கு அவள் படம் வரைந்திருக்கிறாள், சாஃப்ட்வேர் செய்திருக்கிறாள், மைசூர்பாகு வாங்கியிருக்கிறாள்.

மோகன்ராஜ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "அப்ப ஒண்ணு பண்ணு" என்றான். "வியாழக்கெழமை வந்து ஓட்டிக்கோ. அன்னிக்கு ஒரு நாளு கம்பெனி உன்ற படத்துல இருக்கற மாதிரியேதான் நடக்கும். அச்சு அசலா."

சீச்சீ என்றாள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டாள். நேர்மை, அறம் என்று அவன் டீ ஆறிப்போகும்வரை பேசினாள். வியாழக்கிழமை ஆடிட்டர் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருந்தது. தீயணைக்கும் வாளிகளில் புது மணல், எல்லோர் முகத்திலும் மாஸ்க், குறைப்பெட்டிக்குப் பூட்டும் சாவியும். வெட்டின துணி ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. அவளுடைய திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை. ஒரு சிவப்பு இல்லை. தான் வரைந்த உலகம் கண்முன்னால் நடப்பதைப் பார்ப்பது கடவுளுக்கு மட்டும் வாய்க்கும் என்பார்கள். கீதாஞ்சலிக்கும் ஒரு நாள் வாய்த்தது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆடிட்டரம்மா அந்தத் திரை முன்னால் நின்றாள். "இது யாரு பண்ணது?"

"நானுங்க. யுனிவர்சிட்டி ரிசர்ச்."

"அப்ப நீங்க வெளியாள். ரொம்ப நல்லது, வாங்க." தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கழுத்தில் டேக். கையில் டேப்லெட். முகத்தில் சிரிப்பு. "பயப்படாம சொல்லுங்க மேடம், உங்க பேரை எங்கேயும் போட மாட்டோம். ஒரு வருஷமா வந்துட்டிருக்கீங்க. வேலை நேரம் எப்படி?"

கீதாஞ்சலிக்குத் தன் குரலையே ஒலிப்பதிவில் கேட்டதுபோல் இருந்தது. அறையின் கண்ணாடி வழியாகத் தையல் வரிசை தெரிந்தது. குனிந்த தலைகள் எல்லாம் குனிந்தபடியே இந்தப் பக்கம் காதை வைத்திருந்தன. உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் முதலில் போகிறது மோகன்ராஜின் கார் இல்லை. அந்தத் தையல் வரிசையின் வேலைதான். பொய் சொன்னால்? என்ன ஆகும் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"ஆறு மணிக்கு மேல மெஷின் ஓடாதுங்க."

தடங்கலே இல்லை. கமா மாறவில்லை. ஆடிட்டரம்மா எழுதிக்கொண்டு நன்றி சொன்னாள். 'இவ்வளவு ஒத்துப்போகிற பதில்கள்' என்று அவளுக்கும் தோன்றியிருக்கும், பாவம்.

வெளியே வந்தாள். செக்கிங் மேசை ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலாத்தாள் பீஸ்களை அடுக்குகிற சாக்கில் பக்கத்தில் வந்தாள்.

"நல்லாச் சொன்னீங்க மேடம். நான் எல்லாம் மொதத் தடவ திக்கிப்போட்டேன்."

"கேட்டுச்சுங்களாக்கா?"

"கதவுக்கு வெளியதான நின்னேன்." வேலாத்தாள் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டாள். 'மேடம்' அதோடு இறங்கிவிட்டது. "ஏங் கண்ணு, அந்த மெஷின்ல எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணித் தருவியா? நைட்டு வேலை இருக்குதா இல்லையான்னு அஞ்சரைக்குத்தான் சொல்றாங்க. நாலு மணிக்கே தெரிஞ்சாப் போதும். எங்கூட்டுக்காரருக்குக் கையுங்காலும் வராது. பக்கத்தூட்டுப் புள்ளதான் ராத்திரிச் சோறு ஊட்டி வுடும். அது நாலரைக்கு டியூசன் போயிரும், அப்பறம் ஆரு கிட்டச் சொல்றது? நெறய நாளு அந்த மனுசன் நான் வர்ற வரைக்கும் பசியோடவே கெடக்கறாரு."

கீதாஞ்சலி அவளையே பார்த்தாள். "ஒரு வருஷமாக் கேட்டனேக்கா, உங்களுக்கு என்ன வேணும், என்ன வேணும்னு. அப்ப ஏன் சொல்லல?"

"நைட்டே இல்லீன்னு சொல்லிப்போட்டு, நைட்டப் பத்தி எப்படிக் கண்ணு கேக்கறது?"

மறுபடி விக்கல் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கோயமுத்தூர். பைண்டிங் வாசனை மாறாத ஆய்வேட்டுப் பிரதிகளோடு பல்கலைக்கழக அலுவலகத்தின் கவுன்டர் முன் நின்றாள். கைடு கையெழுத்துப் போட்டுவிட்டார். "கடைசி அத்தியாயம் பிரமாதம்மா, ஒரு எர்ரர்கூட இல்ல" என்றார். உறுதிமொழிப் பக்கத்தில் மட்டும் அவள் கையெழுத்து பாக்கி: 'இதில் உள்ள தகவல்கள் அனைத்தும் உண்மை.' ஒரு கையெழுத்து. அதைப் போட்டால் ஜூன் மாதம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, மாமியாருக்கு டாக்டர் மருமகள் இருக்கிறாள். நேற்று வாயால் சொன்னதைத்தானே இன்றைக்குக் கையால் எழுதச் சொல்கிறார்கள்? வாய்க்கு வந்தது கைக்கு ஏன் வரவில்லை?

உண்மையைச் சொல்லித் திருத்தி எழுதலாம் என்றால், நன்றியுரையில் முதல் வரியே மோகன்ராஜின் கம்பெனி பெயர். பெயரை எடுத்தாலும் ஊருக்குத் தெரியும். பொய்யை எழுதினால், அவள் ஆய்வேட்டை நம்பி நாளைக்கு எவனாவது சாஃப்ட்வேர் செய்வான். அதிலும் இரவு என்று ஒன்று இருக்காது. இரவே இல்லாத இடத்தில் வேலாத்தாள் நாலு மணிக்கு எதைக் கேட்பாள்?

சுவர்க் கடிகாரம் நாலை நெருங்கியது. மோகன்ராஜைப் போனில் கூப்பிட்டாள். "இன்னிக்கு நைட் இருக்குங்களா?"

"எங்க கம்பெனில ஆறு மணிக்கு மேல மெஷின் ஓடாதுங்களே" என்று ஆரம்பித்தவன், பேரைப் பார்த்திருப்பான்போல, நிறுத்தினான். "அட, கீதாவா. இருக்குது. நேத்து ஒரு நாளு நின்னதுக்கும் சேத்தி இருக்குது. ஏன்?"

"வேலாத்தாக்காகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடுங்க மாமா."

"அஞ்சரைக்குத்தான சொல்றது?"

"இப்பவே சொல்லுங்க. நாலு மணிக்கு முன்னாடி. தினமும்."

"இதுக்கா போன் பண்ணினே? தீசிஸ் குடுத்தாச்சா?"

அவள் போனை வைத்தாள். கவுன்டருக்குள் இருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். "மேடம், குடுக்கறீங்களா இல்லீங்களா? அஞ்சு மணிக்கு மூடிருவேன்."

"இல்லீங்க" என்றாள் கீதாஞ்சலி.

அவர் அதை நம்பவில்லை. ஐந்து மணிவரை மூன்று முறை எட்டிப் பார்த்தார். மூன்று முறையும் அவள் அதே பெஞ்சில், மடியில் அத்தனை பிரதிகளையும் வைத்துக்கொண்டு, விக்கிக்கொண்டிருந்தாள். கைடு இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. மாமியாரிடம் என்ன சொல்வது, ஜூனில் என்ன செய்வது என்று எந்தக் கட்டத்துக்கும் அம்பு போகவில்லை. ஷட்டர் இறங்கியது.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கருமத்தம்பட்டி தாண்டியதும் மோகன்ராஜிடமிருந்து செய்தி வந்தது: 'அக்காகிட்ட நாலு மணிக்கே சொல்லிட்டேன். புள்ளைகிட்டச் சொல்லிட்டு வந்துட்டாங்க. உன்ற சாஃப்ட்வேர் மறுபடி செவப்பாயிருச்சு, என்ன பண்ணட்டும்?'

'எரியட்டுமுங்க மாமா' என்று அனுப்பிவிட்டு, ஆய்வேட்டுக் கட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பாழாய்ப்போனது, நல்ல கனம்.