பதினொரு விநாடி

அண்ணனின் வலது கை தனியாக வந்திருந்தது. அதை உடலோடு சேர்த்துப் போர்வையை இறுக்கிக் கட்டும்போதும் தங்கையின் மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது: குண்டு எப்படி அவனைக் கண்டுபிடித்தது?

எதிரியின் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்பது அவன் வேலை. கூட்டாளிகள் 'பாம்புச்செவி' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்கும் கருவி வெளியே எதையும் அனுப்பாது. அது இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலை பார்க்கும் தங்கைக்கு இது நன்றாகவே தெரியும். ஆனாலும் மூன்று குண்டுகளும் நேராக அவன் கூரைமேல்தான் இறங்கின.

"ஹெட்போன்ல ஒரு காது ஒட்டிட்டு கெடந்துச்சு தங்கச்சி," என்றார் உடலைக் கொண்டுவந்த ஓட்டுநர். "இனிமே ஊருக்கு யாரு கேட்டுச் சொல்றது?"

அம்மா வாக்கிடாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா என்னம்மா சொன்னான்?"

"தெனம் சொல்றதுதான். 'குண்டு வருது, குழிக்குள்ள எறங்கு'ன்னான். நீயும் எறங்கிட்டியாடான்னேன். பதில் வராம நான் என்னிக்கு எறங்கியிருக்கேன்? 'எறங்கிட்டேன் தாயே, ஆளை விடு'ன்னு சிரிச்சான்."

போர்வைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது.

கேட்டால் இடம் தெரியாது, பேசினால் தெரியும். அம்மாவின் சின்னக் கருவி இரண்டு தெரு தாண்டாது. அவனுடையது ஊர் முழுக்கக் கேட்கும், எதிரிக்கும் கேட்கும். எச்சரிக்கை மட்டும் என்றால் மூன்று விநாடி. அம்மாவுக்குச் சொல்லும் பதிலும் சேர்ந்தால் பதினொன்று. அதற்குள் எதிரி இரண்டு இடங்களில் நின்று, குரல் வரும் திசையைப் பார்த்துக் கோடு போட்டுவிடுவான். கோடுகள் வெட்டும் இடத்தில் அண்ணன்.

"எப்படிடி கண்டுபுடிச்சானுங்க?"

"தெரியலம்மா."

இடுகாட்டில் மண் தள்ளி முடிப்பதற்குள் அடுத்த குண்டு விழுந்தது. குழிவெட்டியின் கால் முழங்காலோடு போயிற்று. அவருடைய அலறலுக்கு நடுவே அவள் ஓட்டுநரிடம் கேட்டாள்: "அண்ணே, வேற வயர்லெஸ் செட்டு இருக்கா?"

இருட்டுவதற்குள் பேசும் கருவியை ஏரியல் கம்பத்தோடு காலி மைதானத்தில் நட்டாள். மைக்கை மட்டும் முந்நூறு மீட்டர் கம்பியில் இழுத்து ஒரு நிலவறைக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாள் மதியம், நிலவறையில் வைத்திருந்த கேட்கும் கருவியில் எதிரியின் குரல் அவர்கள் தெருவின் வரைபட எண்களை வாசித்தது. பொத்தானை அழுத்தினாள்.

"குண்டு வருதும்மா, எறங்கு."

"நீயும் எறங்கிட்டியாடி?"

"எறங்கிட்டேன்மா," என்றாள், அவசரப்படாமல். "நீ பார்த்து எறங்கு. படி ஈரமா இருக்கும்."

தெருவில் விழுந்த குண்டுகள் இரண்டு வீடுகளைப் பெயர்த்தன. பிறகு மைதானம் பிளந்தது. கம்பம் துண்டுதுண்டாய்ச் சிதறியது. தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அவள் அடுத்த கம்பத்தை எடுத்தாள். கேட்கும் கருவி நிலவறையில் இருக்க வேண்டும். பேசும் கருவி முந்நூறு மீட்டர் தள்ளி.