வாடை போகாத பேட்ச்

அந்தப் பாலியால் என்ற வெள்ளைத் திரவத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பால்கூட மங்கல்தான். மெத்தைக் கம்பெனிக்காரர்கள் அதிலிருந்துதான் நுரை எழுப்புவார்கள். ஸ்டைரீன், அக்ரிலோநைட்ரைல் என்ற இரண்டு ரசாயனங்கள் ரியாக்டரில் அதற்குள் பொடிப்பொடியாகத் திரளும். திரளாமல் தங்கிய மிச்சத்தைச் சூடேற்றி, வேக்குவம் பம்ப் போட்டு உறிஞ்சி எடுத்தாக வேண்டும். விட்டால் அந்த விஷம் மெத்தையோடு வீடு போய்ச் சேரும்.

அன்று சாயங்காலம் மேனேஜர் பம்ப்பைப் பாதியில் நிறுத்தினார். டேங்கர் வந்து ஹோஸ் மாட்டி நின்றது. தொட்டில் மெத்தைக்கான சரக்கு.

"இன்னும் வாடை போகல சார்," என்றான் ஆபரேட்டர். மேனேஜர் அவன் அக்காவைக் கட்டியவர். அதனால் இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வரலையே."

"நம்ம மூக்கெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு சார்."

உண்மைதான். அங்கே புழங்கிய மூக்கை அங்கே யாரும் நம்புவதில்லை. வெளியாள் யாரையாவது கூப்பிட்டு முகரச் சொல்வதுதான் வழக்கம். ஆபரேட்டர் டேங்கர் டிரைவரைக் கூப்பிட்டான். சாம்பிள் பாட்டிலைத் திறந்ததும் அவர் முகம் கோணியது.

"என்ன தம்பி இது, பெயின்ட் டப்பாக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு!"

"உன்னை வண்டி ஓட்டத்தான்யா கூப்பிட்டோம்," என்றார் மேனேஜர். "புதுச் செருப்புகூடத்தான் நாறும். ஏத்துடா."

"ஏத்த மாட்டேன்," என்றான் ஆபரேட்டர்.

"மச்சினன்னு இடம் கொடுத்தா தலைமேலயே ஏறுறியா?"

"அத்தான்." வேலையிடத்தில் அவன் அப்படி அழைத்ததே இல்லை. "இந்த பாட்டிலை எடுத்துட்டுப் போங்க. உங்க பாப்பா தூங்குற ரூம்ல திறந்து வைங்க. அக்கா ஒண்ணும் சொல்லலைன்னா காலையில நானே ஏத்துறேன்."

"பெரிய நீதிபதி இவரு! கொண்டா."

மேனேஜர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு காருக்குப் போனார். முன் சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தப் போனவர் நின்றார். மூடியை இன்னொரு முறை திருகினார். பிறகு அதை எடுத்துக்கொண்டு பின்னால் போய் டிக்கியைத் திறந்தார்.

ஆபரேட்டர் காருக்குப் பின்னாலேயே வந்து நின்றான்.

"தொட்டிலுக்கு ஏது அத்தான் டிக்கி?"

மேனேஜர் டிக்கி மூடியைப் பிடித்தபடி திரும்பினார். ஆபரேட்டர் உள்ளே போய் பம்ப்பைப் போட்டான்.

"வேலை போச்சுடா உனக்கு! உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்கோ!"

"சொல்றேன். எதுக்குன்னும் சேர்த்தே சொல்றேன்."

டேங்கர் டிரைவர் யாரையும் கேட்கவில்லை. ஹோஸைக் கழற்ற ஆரம்பித்தார்.